சுதந்திரம் தேடிப் போனவர்கள் ஏன் தூக்குமரம் நட்டார்கள்?

கேள்வி இது: இங்கிலாந்தில் மதத்துக்காக இம்சைப்பட்டு அமெரிக்காவுக்குக் கப்பலேறிய பியூரிட்டன்கள் என்ற தூய்மைவாதக் கிறிஸ்தவர்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் தங்களோடு ஒத்துப்போகாதவர்களைச் சவுக்கால் அடித்தார்கள், காதை அறுத்தார்கள், கடைசியில் தூக்கிலும் போட்டார்கள். அப்படியானால் அவர்கள் பேசிய மத சுதந்திரம் வெறும் வேஷம்தானா?

வேஷம் என்று நான் சொல்லமாட்டேன். வேஷக்காரன் லாபம் இல்லாத இடத்தில் நிற்கமாட்டான். இவர்கள் நம்பியதை முழுசாக நம்பினார்கள், அதற்காகச் சொத்தை விற்றுக் கடல் தாண்டினார்கள். எல்லோருக்கும் மத சுதந்திரம் வேண்டும் என்று அவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மனிதர்கள் கலப்படம் செய்யாத வழிபாட்டை நடத்த ஓர் இடம் வேண்டும் என்றார்கள். இடம் கிடைத்ததும், அதே கலப்படத்துக்கு அங்கே கதவைச் சாத்தினார்கள்.

அவர்களை எதிர்த்தவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். நாத்திகர்களோ கத்தோலிக்கர்களோ அங்கே வந்து கலகம் செய்யவில்லை. அதே பைபிளை அதே தீவிரத்தோடு படித்தவர்கள், பியூரிட்டன் கொள்கை ஒவ்வொன்றையும் இன்னும் ஓரடி முன்னே கொண்டுபோனவர்கள், அவர்கள்தான் எதிர்த்தார்கள். ஒரே பானையில் வெந்த சோறு. அந்தச் சண்டை அவ்வளவு கொடூரமாகப் போனதற்குக் காரணமும் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். 1620-இல் மேஃபிளவர் கப்பலில் பிளிமத்துக்கு வந்தவர்கள் சின்னக் கூட்டம். இங்கிலாந்துத் திருச்சபை திருந்தாது என்று கைகழுவிப் பிரிந்தவர்கள். 1630-இல் ஜான் வின்த்ரப் தலைமையில் 11 கப்பல்களில் வந்து பாஸ்டனை நிறுவியவர்கள் வேறு. ‘நாங்கள் திருச்சபையை விட்டுப் பிரியவில்லை, அதைச் சுத்தம் செய்கிறோம்’ என்பது இவர்கள் வாதம். ஞானஸ்நானத்தில் சிலுவைக்குறி போடுவது, நற்கருணைக்கு மண்டியிடுவது, பாதிரியாரின் வெள்ளை அங்கி எல்லாமே ரோமின் மிச்சம் என்று வெறுத்தார்கள். வில்லியம் லாட் என்ற பிஷப் இங்கிலாந்தில் இவற்றை விடாப்பிடியாகத் திணித்தார். 1633-இல் கான்டர்பரி பேராயராகவும் ஆனார். அந்தப் பத்தாண்டில் சுமார் 20,000 பேர் நியூ இங்கிலாந்துக்கு, அதாவது பாஸ்டனைச் சுற்றிய அமெரிக்க வடகிழக்குப் பகுதிக்குப் போனார்கள். நம் கதை பெரும்பாலும் இந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றியது.

இவர்கள் நாட்டை அமைத்த விதம் சுவாரசியமானது. 1629-இல் மன்னர் முதலாம் சார்லஸ் மாசசூசெட்ஸ் பே கம்பெனிக்குப் பட்டயம் கொடுத்தார். வணிகக் கம்பெனிகளுக்குக் கொடுக்கும் வழக்கமான பட்டயம்தான். ஆனால் பங்குதாரர் கூட்டம் எந்த ஊரில் நடக்க வேண்டும் என்று அதில் எழுதவில்லை. பியூரிட்டன் பங்குதாரர்கள் அந்த ஓட்டையைக் கண்டுகொண்டு, பட்டயத்தையே கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லண்டனில் உட்கார்ந்து ஆட்டிவைக்க ஆள் இல்லை. கம்பெனியின் பொதுக்கூட்டமே அங்கே சட்டமன்றமும் நீதிமன்றமும் ஆனது. அதற்குப் பெயர் ஜெனரல் கோர்ட். 1631-இல் அது ஒரு விதி போட்டது: திருச்சபை உறுப்பினர்களாக இருக்கும் ஆண்களுக்கு மட்டுமே வாக்குரிமை. உறுப்பினர் ஆவதும் சுலபமாக இல்லை. கடவுளின் கிருபை தன்னை எப்படித் தொட்டது என்று சபை முன்னால் சாட்சி சொல்லி, கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேற வேண்டும். தேறாதவர்களும் ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வந்தே ஆக வேண்டும்.

இதைப் பலர் ‘பாதிரிமார் ஆட்சி’ என்று எழுதுகிறார்கள். அது சரியில்லை. போதகர்கள் அரசுப் பதவி வகிக்கக் கூடாது. இங்கிலாந்தில் இருந்ததுபோன்ற திருச்சபை நீதிமன்றங்களை இவர்கள் இங்கே வைக்கவில்லை. கல்யாணத்தைக்கூடப் போதகர் நடத்தவில்லை, மாஜிஸ்திரேட் நடத்தினார். ஆனால் போதகரும் மாஜிஸ்திரேட்டும் ஒரே உடன்படிக்கையின் இரண்டு கைகள் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த ‘உடன்படிக்கை’ என்ற சொல்லில்தான் எல்லாமே இருக்கிறது. கப்பல் பயணத்தை ஒட்டி வின்த்ரப் எழுதிய உரையில், நாம் மலையின்மேல் இருக்கிற பட்டணம் போல இருப்போம், உலகமே நம்மைப் பார்க்கும் என்றார். இன்று அமெரிக்க அரசியல்வாதிகள் அதைப் பெருமையாக மேற்கோள் காட்டுகிறார்கள். வின்த்ரப் சொன்னது எச்சரிக்கை. நாம் கடவுளோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறோம், அதை மீறினால் அவர் கோபம் நம் எல்லோர்மீதும் இறங்கும் என்பதுதான் அதன் சாரம். நல்லவர் ஒருவர் இருந்தால் எல்லோருக்கும் மழை பெய்யும் என்று நம் பக்கம் சொல்வார்கள் அல்லவா? அதைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கெட்டவன் ஒருவனைச் சும்மா விட்டால் ஊருக்கே பஞ்சமும் கொள்ளைநோயும் வரும். அப்படி நம்புகிற ஊரில் ‘அவன் நம்பிக்கை, அவனோடு போகட்டும்’ என்று யாராலும் சொல்ல முடியாது.

இதோடு இன்னொன்றும் செய்தார்கள். 1636-இல் ஹார்வர்ட் கல்லூரி. 1647-இல் ஒரு சட்டம்: 50 குடும்பங்கள் உள்ள ஊர் எழுதப் படிக்கச் சொல்லித்தர ஓர் ஆசிரியரை வைக்க வேண்டும், 100 குடும்பங்கள் ஆனால் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும். வேதத்தை மக்களிடமிருந்து மறைத்துவைப்பது சாத்தானின் பழைய தந்திரம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. ஆக, பெண்கள், வேலைக்காரர்கள் உட்பட எல்லோர் கையிலும் வேதத்தைக் கொடுத்து, நீயே படி, உன் ஆத்துமாவை நீயே சோதி என்றார்கள். படித்தவர்கள் எல்லோரும் ஒரே முடிவுக்கு வரவேண்டும் என்றும் எதிர்பார்த்தார்கள். அது நடக்கிற காரியமா?

முதலில் மாறியவர் ரோஜர் வில்லியம்ஸ். 1631 பிப்ரவரியில் பாஸ்டனில் இறங்கிய இளம் போதகர், கேம்பிரிட்ஜில் படித்தவர், எல்லோருக்கும் பிடித்தவர். வந்தவுடன் பாஸ்டன் சபையில் பதவி தர முன்வந்தார்கள். அவர் மறுத்தார். நீங்கள் இங்கிலாந்துத் திருச்சபையிலிருந்து முழுதாகப் பிரியவில்லை, ஆகவே நீங்களே சுத்தம் இல்லை என்றார். பியூரிட்டன்களைப் பார்த்து ‘உங்கள் தூய்மை போதாது’ என்று சொன்ன மனிதர்! பிறகு (நம் ஊர் அல்ல, மாசசூசெட்ஸின்) சேலத்திலும் பிளிமத்திலும் இருந்தார். அவர் கேள்விகள் ஒவ்வொன்றாக வளர்ந்தன. இந்த மண் பழங்குடிகளுக்குச் சொந்தம், இங்கிலாந்து மன்னர் எப்படிப் பட்டயம் கொடுக்கலாம்? மனம் திரும்பாத ஒருவனைக் கடவுள் பெயரால் சத்தியம் செய்ய வைப்பது கட்டாய வழிபாடு ஆகாதா? பத்துக் கட்டளைகளில் கடவுளைப் பற்றிய முதல் நான்கை மீறியவர்களைத் தண்டிக்க மாஜிஸ்திரேட்டுக்கு என்ன அதிகாரம்?

பட்டயத்தின்மீது கைவைத்தது ஒன்றே போதும், கோர்ட் பதறுவதற்கு. 1635 அக்டோபரில் நாடுகடத்தல் தீர்ப்பு வந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் வசந்தகாலம் வரை இருக்கலாம் என்றார்கள். அவரால் முடியவில்லை. வீட்டில் கூட்டம் தொடர்ந்தது. பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்ப ஆள் வந்தபோது, 1636 ஜனவரிப் பனியில் அவர் ஏற்கெனவே காட்டுக்குள் போயிருந்தார். 14 வாரங்கள் ரொட்டி என்றால் என்ன, படுக்கை என்றால் என்ன என்று தெரியாமல் அலைந்ததாகப் பின்னாளில் எழுதினார். நரகான்செட் விரிகுடாப் பக்கம் போ என்று அவருக்கு ரகசியமாக யோசனை சொன்னவர் யார் தெரியுமா? வின்த்ரப்! இருவரும் கடைசிவரை கடிதம் எழுதிக்கொண்டார்கள். தனி மனிதனாக அவரை நேசித்த வின்த்ரப், மாஜிஸ்திரேட்டாக அவர் அங்கே இருப்பதை ஏற்கவில்லை.

நரகான்செட் பழங்குடித் தலைவர்கள் கனோனிகஸ், மியான்டனோமி இருவரும் கொடுத்த நிலத்தில் பிராவிடன்ஸ் ஊர் பிறந்தது. அங்கே அரசு குடிமை விஷயங்களை மட்டும் பார்க்கும் என்று முடிவு செய்தார்கள். அதற்கு வந்த முதல் சோதனைகளில் ஒன்று ஒரு குடும்பச் சண்டை. ஜோஷுவா வெரின் என்பவர் தன் மனைவியை வில்லியம்ஸின் கூட்டங்களுக்குப் போகவிடாமல் தடுத்தார். 1638-இல் ஊர் கூடி, மனசாட்சியின் சுதந்திரத்தைத் தடுத்த குற்றத்துக்காக வெரினின் வாக்குரிமையைப் பறித்தது. கணவனின் அதிகாரத்துக்கு மேலே மனைவியின் மனசாட்சியை வைத்த தீர்ப்பு அது. அந்தக் காலத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மலைப்பாக இருக்கிறது.

வில்லியம்ஸை நம் காலத்து மதச்சார்பின்மைவாதி என்று நினைத்துவிடாதீர்கள். எல்லா மதமும் சம்மதம் என்பவர் அல்ல அவர். திருச்சபை ஒரு தோட்டம், உலகம் ஒரு காடு, நடுவே வேலி இடிந்தால் காடு உள்ளே புகுந்து தோட்டத்தைத் தின்றுவிடும் என்பது அவர் கவலை. கட்டாய வழிபாடு கடவுளின் மூக்குக்கு நாற்றம் என்று எழுதினார். அரசு மதத்தில் தலையிடக் கூடாது என்று அவர் சொன்னது மதம் முக்கியமில்லை என்பதால் அல்ல. அரசு தொட்டால் அழுக்காகிவிடும் அளவுக்கு அது புனிதம் என்பதால்.

அவருக்குப் பதில் எழுதியவர் பாஸ்டனின் பெரிய போதகர் ஜான் காட்டன். அவர் வாதத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பியூரிட்டன் மனம் அதில் அப்படியே தெரிகிறது. மனசாட்சிக்காக யாரையும் தண்டிக்கக் கூடாது என்பதைக் காட்டன் ஒப்புக்கொள்கிறார். ஆனால் அடிப்படை உண்மைகள் வேதத்தில் பட்டப்பகல் போல இருக்கின்றன; ஒரு முறை, இரு முறை எடுத்துச் சொன்ன பிறகும் ஒருவன் தவறிலேயே நின்றால், அவன் தன் மனசாட்சிக்கு எதிராகவே நிற்கிறான்; ஆகவே அவனைத் தண்டிப்பது அவன் மனசாட்சியைத் தண்டிப்பதாகாது. இந்தத் தர்க்கத்துக்குள் போய்விட்டால் வெளியே வர வாசலே இல்லை. எதிரில் நிற்பவன் உண்மையாகவே வேறு மாதிரி நம்புகிறான் என்ற சாத்தியத்துக்கே அதில் இடம் கிடையாது.

அந்தக் காட்டனின் பிரசங்கத்துக்காகவே கடல் தாண்டி வந்தவர் ஆன் ஹட்சின்சன். 1634-இல் துணி வணிகரான கணவரோடும் பிள்ளைகளோடும் பாஸ்டனுக்கு வந்தார். மொத்தம் 15 பிள்ளைகள் பெற்றவர், மருத்துவச்சி. பிரசவ அறைகளில் பெண்களோடு பேசிப் பேசி, ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைப் பற்றிப் பேச அவர் வீட்டில் வாராந்தரக் கூட்டம் சேர்ந்தது. 60 பேருக்கு மேல் வந்தார்கள், பிறகு ஆண்களும் வந்தார்கள். இளம் கவர்னர் ஹென்றி வேன்கூட அவர் பக்கம் சாய்ந்தவர்.

அவர் என்ன சொன்னார்? இரட்சிப்பு கிருபையால் மட்டுமே, நம் நற்செயலால் அதைச் சம்பாதிக்க முடியாது என்பது எல்லாப் பியூரிட்டன்களும் ஒத்துக்கொள்ளும் அடிப்படை. ஆனால் இரட்சிப்புக்காகக் கடவுள் தேர்ந்தெடுத்தவர்களில் நானும் ஒருவனா இல்லையா என்று எப்படி அறிவது? ஒழுங்கான நடத்தை அதற்கு ஓர் அடையாளம் என்று பெரும்பாலான போதகர்கள் ஆறுதல் சொன்னார்கள். ஹட்சின்சன் அங்கேதான் பிடித்தார். வாசல் வழியே வெளியேற்றிய கிரியைகளை, அதாவது நற்செயல்களை, கொல்லைப்புறம் வழியே உள்ளே கொண்டுவருகிறீர்கள். காட்டனும் என் மைத்துனர் ஜான் வீல்ரைட்டும் மட்டுமே கிருபையின் உடன்படிக்கையைப் பிரசங்கிக்கிறார்கள், மற்றவர்கள் கிரியைகளின் உடன்படிக்கையைத்தான் என்றார். கேட்க இது வேதசாஸ்திர நுணுக்கம் போலத் தெரியும். ஆனால் யார் சபை உறுப்பினர் என்று தீர்மானிப்பவர்களே இரட்சிப்பை அறியாதவர்கள் என்றால், வாக்குரிமை, கோர்ட், நிலம் எல்லாம் எதன் மேல் நிற்கும்?

அது 1637. பீக்வாட் பழங்குடிகளோடு போர் நடந்துகொண்டிருந்தது. படையோடு போகும் போதகர் ஜான் வில்சன் கிரியைகளைப் பிரசங்கிப்பவர் என்பதால் பாஸ்டன் ஆண்கள் போருக்குப் போகத் தயங்கினார்கள். பயம் உச்சத்துக்குப் போனது. மே மாதத் தேர்தலில் வேன் தோற்று வின்த்ரப் மீண்டும் கவர்னர் ஆனார். நவம்பரில் ஹட்சின்சனை விசாரித்தார்கள். பாஸ்டனில் அவருக்கு ஆதரவு அதிகம் என்பதால் கோர்ட் ஆற்றுக்கு அப்பால் நியூடவுனில் கூடியது. வின்த்ரப்பே தலைமை, அவரே வழக்கைத் தொடுப்பவர், அவரே தீர்ப்புச் சொல்பவர்.

அந்த விசாரணையின் எழுத்துப் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. சட்டம் படிக்காத ஒரு பெண் சுமார் 40 ஆண்கள் முன்னால் நின்று, நான் மீறிய சட்டம் எது என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார். உன் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளையை மீறினாய், நாங்கள் இந்த நாட்டின் தகப்பன்மார் என்கிறார் வின்த்ரப். பெண் எப்படிக் கற்பிக்கலாம் என்றால், முதிர்ந்த பெண்கள் இளையவர்களுக்குப் புத்தி சொல்லட்டும் என்று தீத்து நிருபத்தில் இருக்கிறதே என்கிறார். இரண்டாம் நாள், தனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் போதகர்கள் சத்தியப்பிரமாணம் செய்துவிட்டுச் சொல்லட்டும் என்று நின்றுவிட்டார். போதகர்கள் தடுமாறினார்கள். காட்டன் அவருக்குச் சாதகமாகவே பேசினார். வழக்குக் கரைகிற நிலை.

அப்போது அவரே பேசத் தொடங்கினார். கடவுள் தன் ஆத்துமாவோடு நேராகப் பேசி இதையெல்லாம் காட்டினார் என்றார். என்னைத் தொட்டால் உங்கள்மீதும் உங்கள் சந்ததிமீதும் சாபம் வரும் என்றார். ஏன் பேசினார் என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். களைப்பு என்கிறார்கள் சிலர். நான் அப்படி நினைக்கவில்லை. உன் ஆத்துமாவில் கிருபை செய்த வேலையைச் சபை முன்னால் சொல் என்று அந்தச் சமூகமே அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அவர் சொன்னார். வேதம் முடிந்த பிறகு கடவுள் நேரடியாக யாரிடமும் பேசுவதில்லை என்பது கோர்ட்டின் நம்பிக்கை. அவர்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. எதிர்த்து வாக்களித்தவர்கள் இருவர் மட்டுமே. எதற்காக நாடுகடத்துகிறீர்கள் என்று அவர் கேட்டபோது, இதற்குமேல் பேசாதே, எதற்கென்று கோர்ட்டுக்குத் தெரியும், கோர்ட்டுக்குத் திருப்தி என்றார் வின்த்ரப். அடுத்த சில நாட்களில் அவர் பக்கம் நின்ற 75 ஆண்களின் துப்பாக்கிகளையும் பறிமுதல் செய்ய உத்தரவானது.

1638 மார்ச்சில் சபையும் அவரை நீக்கியது. அவர் எழுந்து வெளியே நடந்தபோது கூடவே எழுந்து நடந்த இளம் பெண் மேரி டயர். சில மாதங்களுக்கு முன் மேரிக்கு உருக்குலைந்த குழந்தை இறந்தே பிறந்தது. மருத்துவச்சி ஹட்சின்சன்தான். காட்டனின் யோசனைப்படி ரகசியமாகப் புதைத்தார்கள். வின்த்ரப் விஷயம் அறிந்து அந்தச் சின்ன உடலைத் தோண்டி எடுக்கச் செய்தார். தவறான போதனைக்குக் கடவுள் கொடுத்த அடையாளம் என்று விவரமாக எழுதிப் பரப்பினார். வின்த்ரப்பிடம் நான் மதிக்கும் குணங்கள் பல உண்டு. இந்த ஒன்றை என்னால் கடக்க முடிந்ததில்லை.

ஹட்சின்சன் குடும்பம் ரோட் ஐலண்டில் போர்ட்ஸ்மத் ஊரை நிறுவியவர்களோடு சேர்ந்தது. கணவர் இறந்த பிறகு அவர் டச்சுக்காரர்களின் நியூ நெதர்லாந்துக்கு, இன்றைய நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பக்கம் போனார். டச்சு கவர்னர் பழங்குடிகளோடு மூட்டிய சண்டையில் 1643-இல் அவரும் பிள்ளைகள் பலரும் கொல்லப்பட்டார்கள். பாஸ்டனில் அதையும் கடவுளின் தீர்ப்பு என்றே எடுத்துக்கொண்டார்கள்.

குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத பாப்டிஸ்ட்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம்பிக்கை உள்ளவர்கள் மட்டுமே சபை என்றால், நம்பத் தெரியாத குழந்தைக்கு ஞானஸ்நானம் எதற்கு? பியூரிட்டன் தர்க்கத்தின் நேர் விளைவுதான் இதுவும். 1644-இல் அவர்களை நாடுகடத்தச் சட்டம் வந்தது. 1651-இல் லின் என்ற ஊரில் ஒரு முதியவர் வீட்டில் வழிபாடு நடத்தியதற்காக ஒபதயா ஹோம்ஸைப் பாஸ்டனில் 30 சவுக்கடி அடித்தார்கள். அபராதத்தை வேறு யாரும் கட்ட அவர் விடவில்லை. அடி முடிந்ததும் மாஜிஸ்திரேட்டுகளைப் பார்த்து, ரோஜாப் பூவால் அடித்தது போல அடித்தீர்கள் என்றார். ஹார்வர்டின் முதல் தலைவர் ஹென்றி டன்ஸ்டரே குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்க மறுத்து 1654-இல் பதவி விலக வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில் சென்னையோடு ஓர் உறவு இருக்கிறது. பக்கத்துக் குடியேற்றமான நியூ ஹேவனின் கவர்னர் தியோஃபிலஸ் ஈட்டனின் மனைவி ஆன் ஈட்டன், குழந்தை ஞானஸ்நானத்துக்கு எதிரான புத்தகம் ஒன்றைப் படித்து மனம் மாறினார். கோவிலில் ஞானஸ்நானம் நடக்கும்போது எழுந்து வெளியே போய்விடுவார். 1645-இல் அவரைச் சபைநீக்கம் செய்தார்கள். முதல் கணவர் மூலம் அவருக்குப் பிறந்த மகன் டேவிட் யேல், 1646-இல் மாசசூசெட்ஸ் ஆட்சியைக் குறைகூறிய விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர். அந்த டேவிட்டின் மகன் எலிஹு யேல், 1649-இல் பாஸ்டனில் பிறந்து, சிறு வயதிலேயே குடும்பத்தோடு இங்கிலாந்து திரும்பி, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னராக இருந்தார். மதராஸில் சேர்த்த செல்வத்தின் ஒரு துளி, புத்தகங்களும் துணிப் பொதிகளுமாக, 1718-இல் கனெக்டிகட் கல்லூரி ஒன்றுக்குப் போய் அதற்கு அவர் பெயரையும் வாங்கித் தந்தது. அந்தக் கல்லூரி நிலைகொண்ட நியூ ஹேவன்தான் அவர் பாட்டியைச் சபையிலிருந்து தள்ளிய ஊர்.

இனி நீங்கள் கேட்ட தூக்குமரம். 1656 ஜூலையில் பார்படோஸிலிருந்து வந்த கப்பலில் மேரி ஃபிஷர், ஆன் ஆஸ்டின் என்ற, குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாஸ்டனில் இறங்கினார்கள். அப்போது குவேக்கர்களுக்கு எதிராக அங்கே சட்டமே இல்லை. ஆனாலும் சிறையில் அடைத்து, ஜன்னலைப் பலகை வைத்து மூடி, கொண்டுவந்த புத்தகங்களை எரித்து, சூனியக்காரிகளின் குறி இருக்கிறதா என்று ஆடை களைந்து சோதித்தார்கள். ஐந்து வாரம் கழித்துத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கப்பல் போன இரண்டு நாளில் இன்னும் எட்டுக் குவேக்கர்கள் வந்து இறங்கினார்கள். மேரி ஃபிஷர் 1658-இல் துருக்கி சுல்தான் நான்காம் மெஹ்மதைத் தேடித் தனியே போய்த் தன் செய்தியைச் சொன்னார். சுல்தான் மரியாதையோடு கேட்டு அனுப்பிவைத்தார்.

குவேக்கர்களின் நம்பிக்கை ஹட்சின்சன் நின்ற இடத்துக்கு அடுத்த படி. ஒவ்வொருவர் உள்ளேயும் ஓர் ஒளி இருக்கிறது, போதகர் தேவையில்லை, யார் முன்னாலும் தொப்பியைக் கழற்ற வேண்டாம், சத்தியம் செய்ய வேண்டாம். சட்டங்கள் ஒவ்வொன்றாகக் கடுமையாயின. 1657-இல் காதை அறுக்கும் சட்டம். அடுத்த ஆண்டு மூன்று பேர் வலது காதை இழந்தார்கள். சேலத்தின் சவுத்விக் தம்பதியின் மகனையும் மகளையும், அபராதம் கட்டாததற்காக பார்படோஸுக்கோ வர்ஜீனியாவுக்கோ கொண்டுபோய் விற்கலாம் என்று 1659-இல் உத்தரவு போட்டார்கள். ஏற்றிச்செல்ல எந்தக் கப்பல் தலைவனும் சம்மதிக்கவில்லை. நாடுகடத்தியவர்கள் திரும்பி வந்தால் மரணம் என்ற சட்டம் 1658 அக்டோபரில் வந்தது. ஜெனரல் கோர்ட்டின் கீழவையில் அது ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில்தான் நிறைவேறியது. அந்த ஊரிலும் மனம் ஒருமித்து இருக்கவில்லை என்பதற்கு அந்த எண்ணே சாட்சி.

திரும்பி வந்தார்கள். 1659 அக்டோபர் 27 அன்று வில்லியம் ராபின்சன், மர்மடியூக் ஸ்டீவன்சன் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அவர்கள் பேசுவது கூட்டத்துக்குக் கேட்கக் கூடாது என்று முரசு கொட்டினார்கள். மூன்றாவதாகக் கழுத்தில் கயிறோடு நின்றவர் மேரி டயர், 21 ஆண்டுகளுக்கு முன் ஹட்சின்சனோடு நடந்த அதே பெண். கடைசி நொடியில் அவருக்கு மட்டும் தண்டனை நிறுத்தப்பட்டது. அது முன்பே முடிவானது, பயமுறுத்தத்தான் ஏணிவரை ஏற்றினார்கள். ரோட் ஐலண்டில் பத்திரமாக இருந்திருக்கலாம். 1660 மே மாதம் மறுபடி பாஸ்டனுக்கு வந்தார். கணவர் உருக்கமாக எழுதிய கடிதம் பலிக்கவில்லை. இனி வரமாட்டேன் என்று சொன்னால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். மறுத்தார். ஜூன் 1 அன்று தூக்கிலிட்டார்கள். 1661 மார்ச்சில் வில்லியம் லெட்ரா. மொத்தம் நான்கு பேர்.

ஏன் நின்றது? மன்னர் இரண்டாம் சார்லஸ் நிறுத்தினார் என்பது வழக்கமான பதில். லண்டன் குவேக்கர்கள் அவரிடம் முறையிட்டார்கள், வழக்குகளை இங்கிலாந்துக்கு அனுப்பும்படி அவர் கடிதம் எழுதினார். அதை எடுத்துச் சென்றவர் பாஸ்டனே நாடுகடத்திய சேலம்காரர் சாமுவேல் ஷட்டக். அவர் தொப்பியோடு வந்து நின்றதும் கவர்னர் எண்டிகாட் அதைக் கழற்றச் சொன்னார், கடிதம் யாருடையது என்று பார்த்ததும் ஷட்டக்கின் தொப்பியைத் திருப்பிக் கொடுத்துத் தன் தொப்பியைக் கழற்றினார் என்று குவேக்கர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆனால் தேதியைப் பாருங்கள். கடிதம் வந்தது 1661 இறுதியில். ஐந்தாவது ஆளான வென்லாக் கிறிஸ்டிசனுக்கு மரண தண்டனை விதிப்பதற்கே மாஜிஸ்திரேட்டுகள் அதற்கு முன்பே பிளவுபட்டு நின்றார்கள். ஜூன் மாதமே அவரையும் மற்றக் கைதிகளையும் விட்டுவிட்டார்கள். ஊர் ஜனங்களுக்குப் போதும் என்றாகிவிட்டது. சாவு நின்றதே தவிர அடி நிற்கவில்லை. வண்டியின் பின்னால் கட்டி ஊர் ஊராகச் சவுக்கடி கொடுக்கும் சட்டம் புதிதாக வந்தது.

இந்த நேரம் முழுக்க, பிராவிடன்ஸும் போர்ட்ஸ்மத்தும் சேர்ந்த ரோட் ஐலண்ட் குடியேற்றம் பக்கத்திலேயே இருந்தது. குவேக்கர்களைத் துரத்துங்கள் என்று மற்றக் குடியேற்றங்கள் 1657-இல் நெருக்கியபோது அது அனுப்பிய பதிலை நான் மிகவும் மதிக்கிறேன்: எங்கே இவர்களைத் தடையில்லாமல் பேசவிட்டு, வாதத்தால் மட்டும் எதிர்க்கிறார்களோ, அங்கே வர இவர்களுக்கு அவ்வளவாக விருப்பமில்லை என்று எங்கள் அனுபவத்தில் காண்கிறோம். வில்லியம்ஸுக்குக் குவேக்கர்களைக் கொஞ்சமும் பிடிக்காது. 1672-இல், 70 வயதை நெருங்கும்போது, தானே துடுப்புப் போட்டு நியூபோர்ட் போய் நாள்கணக்கில் அவர்களோடு வாதாடினார். ஆனால் ஒருவர்மேலும் கைவைக்கச் சொல்லவில்லை. ஒரு கப்பலில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டும் யூதரும் துருக்கியரும் போகலாம், யாரையும் கப்பலின் பிரார்த்தனைக்கு இழுக்கக் கூடாது, ஆனால் கப்பலைச் செலுத்தும் கட்டளைக்கு எல்லோரும் கீழ்ப்படிய வேண்டும் என்று 1655-இல் எழுதியவர். 1663-இல் ரோட் ஐலண்டுக்குக் கிடைத்த மன்னர் பட்டயம் அந்தச் சுதந்திரத்தை எழுத்தில் உறுதிசெய்தது.

அவரையும் தெய்வமாக்க வேண்டாம். 1675-76-இல் நடந்த பழங்குடிப் போரில் பிராவிடன்ஸ் எரிந்தது. பிறகு பிடிபட்ட பழங்குடிகளை அடிமை வேலைக்கு விற்ற ஊர்க் குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். இந்த மண் அவர்களுடையது என்று வாதாடி நாடுகடத்தப்பட்டவர் அவர்.

மாசசூசெட்ஸின் பழைய பட்டயம் 1684-இல் ரத்தானது. 1691-இல் வந்த புதியது, கத்தோலிக்கர் தவிர எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் மனசாட்சிச் சுதந்திரம் கொடுத்தது, வாக்குரிமையைச் சபையிலிருந்து பிரித்துச் சொத்தோடு கட்டியது. (1692 சேலம் சூனிய வழக்குகளை இதோடு சேர்த்துப் பேசுகிறார்கள். அது மத மாறுபாட்டுக்கான தண்டனை அல்ல, தனிக் கதை.) ஆனால் ஊர் போதகருக்கு எல்லோரும் வரி கட்டும் வழக்கம் நியூ இங்கிலாந்தில் நீண்டநாள் பிழைத்தது. கனெக்டிகட்டில் 1818 வரை, மாசசூசெட்ஸில் 1833 வரை.

1752 அக்டோபரில் கனெக்டிகட்டின் நார்விச்சில் எலிசபெத் பேக்கஸ் என்ற விதவை, உடம்பு சரியில்லாமல் போர்வை சுற்றிக்கொண்டு கணப்பருகே வேதம் படித்துக்கொண்டிருந்தபோது, இரவு ஒன்பது மணிக்கு வந்து அழைத்துப் போனார்கள். ஊர்ச் சபைக்கான வரியைக் கட்ட மறுத்தவர் அவர். கிருபையை அனுபவித்ததாகச் சாட்சி சொல்ல முடிந்தவர்களை மட்டுமே சபையில் சேர்க்க வேண்டும் என்று பிரிந்துபோன கூட்டத்தைச் சேர்ந்தவர், அதாவது 1630-களில் பாஸ்டன் போட்ட அதே விதியைக் கேட்டவர். 13 நாட்கள் சிறையில் இருந்தார். எப்படி வெளியே விட்டார்கள் என்று தனக்கே தெரியவில்லை என்று மகனுக்கு எழுதினார்.